தொங்கிட்டேன், போ

அன்றைக்கு நழுவியது என் முடிச்சுதான். அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் ஏன் நழுவியது என்று ஒரு ஜீவனாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா என்று சொல்லத்தான் எல்லாருக்கும் வாய் இருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

எங்களுடையது மரம் வெட்டுகிற கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு லாரி, கிளைகளைத் தின்று தூளாகத் துப்புகிற ஒரு மிஷின், நாங்கள் மூன்று பேர். முதலாளி என் அண்ணன். கீழே நின்று கயிறு பிடிப்பவனும் அவனேதான். மேலே ஏறுகிறவர்கள் நானும் ஒல்லியும். ஒல்லி என்பது எந்தக் காலத்திலோ வைத்த பெயர். இப்போது அவருடைய பெல்ட் கடைசி ஓட்டையில் மாட்டுவதற்கே மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இருந்தாலும் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. என்னை அண்ணன் சின்னவளே என்று கூப்பிடுவான். கோபம் வந்தால் அடங்காப்பிடாரி. இரண்டில் எது அதிகம் புழங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மரத்தில் ஏறுகிறவருக்குக் கயிறு இரண்டு. ஒன்று, உச்சியில் ஒரு கவட்டையில் போட்டுத் தொங்கவிடும் மேல் கயிறு. தவறினால் தாங்குவது அது. இன்னொன்று இடுப்புக் கயிறு. அதை மரத்தைச் சுற்றி வளைத்து இடுப்பின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டால், காலை மரத்தில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். அந்தக் கயிற்றை நீட்டவும் குறுக்கவும் ஒரு முனையில் ஏதாவது பிடி வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அந்தப் பிடியைப் பற்றித்தான்.

என் பிடி முடிச்சு. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு துண்டுக் கயிற்றை இடுப்புக் கயிற்றின் மேல் சுற்றிச் சுற்றிப் பின்னி இறுக்குவது. கட்டைவிரலால் தள்ளினால் நகரும், விட்டால் உடும்புப்பிடி. தேய்ந்துபோனால் முதலில் பளபளக்கும், பிறகு கொஞ்சம் வழுக்கி, கிறீச்சென்று சத்தம் போடும். என்னை மாற்று என்று வாயைத் திறந்து கேட்காத குறைதான். பையில் ஒரு துண்டுக் கயிறு இருந்தால் மரத்தின் மேலேயே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஒல்லியின் பிடி இரும்புக் கவ்வி. உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. உள்ளே கயிற்றை நசுக்கிப் பிடிக்க ஒரு பல், வெளியே அதை விடுவிக்க ஒரு விசை. ஒரே கையால் இழுக்கலாம், விடலாம். மழையில் நனைந்தாலும் அது பாட்டுக்குப் பிடிக்கும். நியாயத்தைச் சொல்ல வேண்டும், கெட்ட சாமான் இல்லை. ஆனால் பிசின் வடிகிற மரத்தில் ஏறினால் அதன் பல்லில் பிசின் அப்பிக்கொள்ளும். சாய்ந்திருக்கும்போது ஏதாவது ஒரு குச்சி அந்த விசையில் இடித்துவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். முடிச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தெரியும். அந்த டப்பாவுக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது.

அண்ணன் கவ்விக் கட்சி. எனக்கென்று ஒன்று வாங்கிவந்து கொட்டகையில் என் அலமாரியில் வைத்தான். நான் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு காலத்தில் எங்கள் மூவரில் நன்றாக ஏறினவன் அவன்தான். ஒருநாள் மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு, பாதி போட்ட முடிச்சை நம்பிச் சாய்ந்துவிட்டான். அப்போதெல்லாம் மேல் கயிறு போடுகிற பழக்கமும் இல்லை. இடுப்பில் தகடு வைத்தார்கள். மரமேறுவது அன்றோடு போயிற்று.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவன் போட்ட முதல் சட்டம் இதுதான். நம் கொட்டகையில் யாரும் தான் போட்ட முடிச்சைத் தானே பார்த்துக்கொண்டு ஏறக் கூடாது, போட்டவர் கண்ணுக்கு அதன் குறை தெரியாது. இன்னொருவர் அந்த இடுப்புக் கயிற்றை லாரியின் பின்பக்கக் கம்பியில் போட்டு, தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கி முழு எடையோடு தொங்கிப் பார்க்க வேண்டும். பிறகு, "தொங்கிட்டேன், போ" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் தரையை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. கவ்விக்கும் இதே சட்டம். ஒல்லிக்கு நான் தொங்கிப் பார்ப்பேன். எனக்கு அண்ணன். இடுப்பில் தகட்டோடு அவன் காலை மடக்கிக்கொண்டு லாரிக் கம்பியில் ஆடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் சிரித்ததில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருடமாக ஏறிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு மேலே ஒரு காய்ந்த கிளை. நான் லாரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரம்பத்துக்குச் சங்கிலி மாற்றிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பெட்ரோல். அண்ணன் அந்தப் பக்கம் கயிறுகளை இறக்கிக்கொண்டிருந்தான். "தொங்கிட்டேன், போ" என்று குரல் வந்தது. எழுந்து போய் அவன் கையிலிருந்து இடுப்புக் கயிற்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினேன்.

கிளைக்குப் பக்கத்தில் போய், இடுப்புக் கயிற்றைச் சுற்றிப் போட்டு, காலை ஊன்றிச் சாய்ந்தேன். முடிச்சு போயிற்று. கிறீச் இல்லை, இழுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. சோப்புக் கையிலிருந்து தட்டு நழுவுகிற மாதிரி போயிற்று. மல்லாந்து விழுந்து, மேல் கயிறு தாங்க, ஊஞ்சலாடி அடிமரத்தில் மோதினேன். முழங்கை உரிந்தது. கையிலிருந்த சின்ன ரம்பம் விழுந்து யாருடைய சைக்கிள் சீட்டையோ கிழித்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மூக்கில் ரோஜா வாசனை அடித்தது. பள்ளிக்கூடத்தில் தோட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கினபோது அண்ணன் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் முழங்கையைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் இடுப்புக் கயிற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டான். தலைமையாசிரியர் ஓடிவந்தார். வந்தவர், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று என்னைப் பார்த்துக் கேட்காமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அதற்கு என் அண்ணன் சொன்ன பதிலைக் கேளுங்கள். முடிச்சு என்றாலே இப்படித்தான் சார், இவள் பிடிவாதத்தால் வந்தது, இன்றோடு எங்கள் கம்பெனியில் முடிச்சே கிடையாது. பத்துப் பேர் பார்க்க, உரிந்த முழங்கையோடு நான் பக்கத்தில் நிற்கிறேன். அவனுக்கு அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ.

ஒருவரைக் கைவிட்ட கயிற்றை வெட்டிப் போட்டுவிட வேண்டும், மறுபடி யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வழக்கமாக அதைச் சனிக்கிழமை சாவகாசமாகச் செய்வோம். அன்றைக்கு அண்ணன் லாரியில் ஏறுவதற்கு முன்பே என் இடுப்புக் கயிற்றையும் முடிச்சையும் கண்டதுண்டமாக வெட்டித் தழைக் குப்பையோடு குப்பையாகப் போட்டுவிட்டான். கொஞ்சம் கொடு, என்ன ஆச்சு என்று பார்க்கிறேன் என்றேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சந்தேகப்படத் தோன்றவில்லை. அண்ணன் ஆயிற்றே.

அன்றோடு என்னைத் தரையில் இறக்கினான். கவ்வியை மாட்டினால் ஏறலாம், இல்லாவிட்டால் கீழே கிளை இழு என்றான். காரணம் தெரியாமல் மாட்ட மாட்டேன் என்றேன். அப்படியானால் இழு என்றான். இழுத்தேன். தழையை மிஷினில் தள்ளுவது, தூளைக் கூட்டுவது, ரோட்டில் போகிறவரை ஓரமாகப் போகச் சொல்வது. கேவலமான வேலை ஒன்றும் இல்லை, யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒல்லி மேலே நின்று, தங்கச்சி, இந்தக் கிளை தாங்குமா என்று என்னைக் கேட்டுக் கேட்டு வெட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு ஒவ்வொரு நாளும் நான்தான் தொங்கிப் பார்த்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் இரண்டு காலையும் தூக்கி, முழு எடையும் போட்டு, ஆடிப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நோகடித்தது ஆஸ்பத்திரி மரம். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு பெரிய மரம், நடுக்கவட்டையில் விரிசல். அடியோடு வெட்டிவிடச் சொன்னார்கள். வேண்டாம், மேலே பாரத்தைக் குறைத்தால் நிற்கும், நோயாளிகள் உட்கார நிழல் இருக்கும் என்று நான்தான் வாதாடிச் சம்மதிக்க வைத்தேன். எந்தக் கிளையை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மனசில் வைத்திருந்தேன். அதை, வேலைக்கு நாள் வரும் முன்பே, ஒல்லியிடம் கொடுத்தான் அண்ணன். ஒல்லியே, அது தங்கச்சியோட மரம், எனக்கு வெட்டித் தள்ளத்தான் வரும், இதெல்லாம் நுணுக்கமான வேலை என்றார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு விட்டானா? புது ஆட்கள் போனில் கூப்பிட்டால், எங்க கம்பெனில முடிச்சே கிடையாது சார், எல்லாம் மிஷின் பிடி என்று பெருமை அடிக்க ஆரம்பித்தான். நான் விழுந்ததை வைத்து வியாபாரம். நான் பக்கத்தில் தழை கூட்டிக்கொண்டிருப்பேன், விளக்குமாற்றை அவன் தலையில் போடலாமா என்றிருக்கும்.

இதற்கிடையில் சாயங்காலமானால் என் அறை ஜன்னல் கம்பியில் அதே முடிச்சைப் போட்டுத் தொங்கிப் பார்ப்பேன். அதே தடிமன் கயிறு, அதே சுற்று. ஒருதடவைகூட நழுவவில்லை. கம்பிதான் வளைந்தது. எனக்கே என் கை மேல் சந்தேகம் வரத் தொடங்கியது. அதுதான் பெரிய கொடுமை. தரையில் நிற்பதுகூடப் பரவாயில்லை, என் கையை நானே நம்பாவிட்டால் பிறகு எந்த மரத்தில் ஏறுவது?

எங்கள் வீட்டில் கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். துணி துவைக்கிற மிஷின் கீழே இருப்பதால் என் துணியையும் அண்ணி சேர்த்தே போட்டுவிடுவாள். எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்தேன். ரோஜா வாசனை.

துண்டோடு அப்படியே சமையலறைக்குப் போனேன். அண்ணி, இது என்ன வாசனை என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைசியாகத் துணியை அலசும்போது ஊற்றுகிற கண்டிஷனராம், துணி பட்டு மாதிரி ஆகிவிடுமாம், பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"உன் கயிறக்கூட இதுலதான் ஊற வச்சேன்," என்றாள். "வேலைத் துணியோட சுருட்டி வச்சிருந்த இல்ல? பெட்ரோலும் பிசினுமா ஒரே நாத்தம். முடிச்ச அவுக்காம, தண்ணியே கலக்காம அப்படியே ஊற வச்சு, நிழல்ல காயப் போட்டேன். பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. உங்க அண்ணன் பைல எடுத்து வச்சேன்."

எந்தக் கயிறு என்று கேட்கத் தேவையே இல்லை. எப்போது என்று மட்டும் கேட்டேன். பள்ளிக்கூட வேலைக்கு முந்தின நாள் என்றாள். பிறகு அவளாகவே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மீதியையும் சொன்னாள்.

"அன்னிக்கு சாயங்காலமே உங்க அண்ணன் வந்து, கயிற எதுல தொவச்சன்னு கேட்டாரு. சொன்னேன். இனிமே கயிறு பக்கமே போகாதன்னு ஒரே சத்தம். ஏன்னு கேட்டா பதில் இல்ல. உன்கிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

சொல்லவில்லை அண்ணி. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளை இழு என்றுதான் சொன்னான்.

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி பயந்துபோய், நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்றமடித்த கயிற்றைப் பார்த்தாள், பாசத்தில் ஊற வைத்தாள். முடிச்சு பிடிப்பதே உராய்வில்தான், கயிறு பட்டு மாதிரி ஆனால் பிடிக்காது என்று அந்த வீட்டில் அவளிடம் யார் சொன்னோம்? அவள் சமையலை வக்கணையாகச் சாப்பிடத்தான் தெரியும் எங்களுக்கு.

அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு இரண்டாவது விஷயம் உறைத்தது. அந்தக் கயிறு என் எடையையே தாங்கவில்லை. அண்ணன் என்னைவிடக் கனம். அவன் லாரிக் கம்பியில் இரண்டு காலையும் தூக்கியிருந்தால் அங்கேயே, அந்தப் பள்ளிக்கூடத்து மண்ணிலேயே, பொத்தென்று உட்கார்ந்திருப்பான்.

அவன் தொங்கவே இல்லை.

கயிறு நனைந்தது விபத்து. அவன் வாய் சொன்னது விபத்தா? அண்ணியிடம் பாட்டிலை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். புதுக் கயிறு ஒரு துண்டையும் பழைய இடுப்புக் கயிறு ஒன்றையும் வாளியில் போட்டு, தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன். என் அறை முழுக்க ஒரே கல்யாண வாசனை. அண்ணியிடம், இப்போதைக்கு அவனிடம் மூச்சு விடாதீர்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கும் அவன்மேல் கோபம் இருந்தது.

கயிறு நன்றாகக் காய்ந்ததும் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். வழக்கமான முடிச்சு, வழக்கமான சுற்று, லாரியின் பின்பக்கக் கம்பியில் போட்டு வைத்தேன். அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். ஒல்லி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. கொஞ்சம் இதில் தொங்கு அண்ணா என்றேன்.

இரண்டடி தள்ளி நிற்கும்போதே அவனுக்கு வாசனை வந்துவிட்டது. சாவி சுழல்வது நின்றது. ஆடு திருடினவன் மாதிரி முழித்தான். தொங்கு என்றேன் மறுபடி. அவன் அசையவில்லை. ஒல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலேயே உங்க வீட்டுச் சண்டையா, நகருங்க, நான் தொங்குறேன் என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெல்ட்டில் மாட்டி, இரண்டு காலையும் தூக்கினார். தூக்கின மாத்திரத்தில் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். மூன்று பேரில் கனமானவர் அவர்தான், லாரியே கொஞ்சம் ஆடியது. வேறொரு நாளாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

உட்கார்ந்தபடியே ஒல்லி கயிற்றை மோந்து பார்த்தார். முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நீ தொங்கினியா?" என்றேன்.

அண்ணன் சாவியைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"இல்ல," என்றான். "போன் வந்துச்சு. பேசிக்கிட்டே சொல்லிட்டேன்."

"அப்போ எதுக்கு முடிச்சு மேல பழியப் போட்ட?"

"நான் தொங்கலன்னு சொன்னா, அப்புறம் என் வார்த்தைய நம்பி யாரு ஏறுவாங்க?"

"இப்ப யாரு ஏறுவாங்க அண்ணா?"

நான் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினேன். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லப்போய் இடுப்பை உடைத்துக்கொண்டவன் நீ. அதற்காகவே சட்டம் போட்டவன் நீ. அதே மாதிரி ஒரு குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு என்னை மேலே அனுப்பினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? அதையாவது அவசரத்தில் நடந்த தப்பு என்று விடலாம். அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்து, பல் தேய்த்து, என் முகத்தைப் பார்த்து, கிளை இழு என்றாயே, அது எந்த அவசரத்தில் நடந்தது? நான் என் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியில் தொங்கினேன், தெரியுமா உனக்கு? ஒல்லி தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் தனக்கும் விழும் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் எதையும் மறுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்றான், ஒல்லி முன்னாலேயே சொன்னான். கண் கலங்கியிருந்தது. எனக்கு உன்னை நினைத்துப் பயம், அன்று கவ்வி போட்டிருந்தால் பிடித்திருக்கும், அதுவும் உண்மைதானே என்றான். உண்மைதான். கவ்வி பிடித்திருக்கும். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாதா? அண்ணன் அழுது கேட்டிருந்தால் நான் அந்த டப்பாவை என்றைக்கோ மாட்டியிருப்பேன். பொய் சொல்லி, பழி போட்டு, தரையில் தள்ளியா மாட்ட வைப்பது?

அன்றைக்கே தலைமையாசிரியரைப் போனில் கூப்பிட்டு, நான் கேட்கும்படியே, தவறு தங்கை மேல் இல்லை, கயிற்றைச் சரிபார்க்காமல் கொடுத்த என் மேல்தான் என்றான். அந்த மனிதர் என்ன சொன்னாரோ, இவன் நெளிந்தான். ஆஸ்பத்திரி மரம் உன்னுடையது, உன் முடிச்சைப் போட்டுக்கொண்டே ஏறு, இனி நான் வாயே திறக்க மாட்டேன் என்றான். ஒரு மனிதன் செய்யக்கூடியதையெல்லாம் செய்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் ஆத்திரம்தான் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் போய் இறங்கினபோதுதான் தெரிந்தது.

நோயாளிகளைத் தள்ளி உட்கார வைத்து, சுற்றிக் கயிறு கட்டினோம். மேல் கயிற்றைப் போட்டாயிற்று. அண்ணன் போனை எடுத்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, அணைத்து லாரிக்குள் வைத்தான். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பின்பக்கக் கம்பிக்கு அடியில் வந்து நின்றான். என் இடுப்புக் கயிற்றுக்காகக் கையை நீட்டினான். அன்றைக்கு அவன் தொங்குவான், எனக்குச் சந்தேகமே இல்லை. சாகும்வரை இனி ஒழுங்காகத் தொங்குவான். ஆனால் மேலே போய், காலை ஊன்றி, பின்னால் சாய்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில் நான் அவன் சொன்ன சொல்லின் மேல்தான் சாய வேண்டும். அதன் மேல் சாய என் உடம்பு வரவில்லை.

பையைத் திறந்தேன். முடிச்சுக் கயிறு மேலாகவே இருந்தது, புதுசு, நானே வெட்டிக் கட்டினது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடியிலிருந்து, இத்தனை நாள் அலமாரியில் கிடந்த அந்தக் கவ்வியின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரித்தேன். முந்தின இரண்டு நாள் ஒல்லியின் கவ்வியை வாங்கிப் பழகியிருந்தேன், அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னுடையதைக் கயிற்றில் கோத்தேன். டிக்கென்று பூட்டிக்கொண்டது.

அண்ணன் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. இத்தனை நாள் கெஞ்சிக் கிடைக்காதது கிடைத்துவிட்டதே. சிரிக்கக்கூடப் போனான். கொடு, தொங்கிப் பார்க்கிறேன் என்று மறுபடி கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய், கம்பியில் நானே போட்டு, என் பெல்ட்டில் மாட்டி, இரண்டு காலையும் தூக்கித் தொங்கினேன். பிடித்தது.

"சின்னவளே," என்றான். "தானே பாத்துக்கக் கூடாதுன்னு..."

"முடிச்சுக்கு ரெண்டு பேர் வேணும் அண்ணா," என்றேன். "இதுக்கு நான் ஒருத்தி போதும்."

அவன் சிரிப்பு போயிற்று. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். கழற்றி எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனேன். பாதி ஏறின பிறகு கீழேயிருந்து அவன் குரல் வந்தது. "போ" என்று மட்டும் சொன்னான். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய சொல் அவனிடம் இல்லை.

நான் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன்.